பனி நனைத்த கல்

மலைமேல் வெள்ளக்கடையில் ஏசுராஜின் ஹாலோ பிளாக் பட்டறையைத் தெரியாதவர் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எஸ்டேட்டில் கல் சுமந்த கையாலேயே சொந்தப் பட்டறை போட்டு நிமிர்ந்தவர். எவனிடமும் போய் நின்றதில்லை. மலையில் எந்தச் சுவரைக் காட்டினாலும், "நம்ம கல்லுதானுங்க, முட்டுனா மண்டைதான் உடையும்" என்பார். வாங்க வருகிறவர் முன்னால் ஒரு கல்லைத் தோளுயரம் தூக்கித் தரையில் போடுவார். சும்மா சொல்லக்கூடாது, விளிம்பில் ஒரு பொட்டுக்கூடப் பெயராது. அந்தக் காட்சிக்கென்றே ஒரு கல்லைத் தனியாக வைத்திருந்தார்.

அச்சிலிருந்து இறக்கிய கல் இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் இருந்தால்தான் சிமெண்டு இறுகும். குழாய்த் தண்ணீரோ கலவைக்கே சரியாகிவிடும். அவருடைய மனைவி தேவகுமாரி விடியுமுன் எழுந்து, குடம் குடமாய்ச் சுமந்துவந்து கற்களின்மேல் ஊற்றுவாள். ஏசுராஜ் போர்வைக்குள்ளிருந்தே கேலி பண்ணுவார்.

"ஏம் புள்ள, பனியே நாள் முழுக்க நனைக்குது. நீ எதுக்குக் கல்லுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுக்கறே?"

"நனைச்சது பனின்னே வெச்சுக்கங்க. பேரு எப்பவும் உங்களுக்குத்தானுங்களே" என்று சிரித்துவிட்டு அடுத்த குடத்துக்குப் போவாள்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாள். கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரமே ஏசுராஜ் அச்சில் கை வைத்தார். சும்மா உட்கார்ந்தால் வீடே விழுங்கிவிடும்போல் இருந்தது. கலவை அவருடையது, அச்சு அவருடையது. ஈரத்தைப் பனி பார்த்துக்கொள்ளும்.

அப்போதுதான் தலைச்சோலையில் பள்ளி விடுதி கட்டும் வேலை வந்தது. கான்ட்ராக்டர் மாதப்பன் பட்டறைக்கே தேடி வந்தார்.

"உங்க கல்லத்தானுங்க நெனச்சிருக்கறேன். ஆனா ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாத்தான் இன்ஜினியர் உள்ள விடுவாராம். அத மட்டும் வாங்கிப்போடுங்க, மொத்தக் கல்லும் உங்களுதுதான்."

"எங்கல்லுக்கே முத்திரையா? யானைக்கே தும்பிக்கை ஒட்டச் சொல்றீங்க" என்று ஏசுராஜ் சிரித்தார். உள்ளுக்குள் சிரிப்பில்லை. மலையில் வேறு வேலை வரவில்லை. இதுவும் தவறினால் பட்டறையை மூட வேண்டும். அவளும் போய், பட்டறையும் போனால், விடிந்தெழுந்து எங்கே போவது?

முத்திரைக்கு மனுப் போட்டார். புதுக்கற்களை வேனில் ஏற்றிக்கொண்டு சேலத்துச் சோதனைக்கூடத்துக்கு இறங்கினார். காட்சிக் கல்லையும் கூடவே எடுத்துக்கொண்டார். அங்கேயும் ஒருமுறை போட்டுக் காட்டலாம் என்ற எண்ணம்.

சோதிக்கிற பிரபாகர் சின்ன வயசுக்காரர். முதல் கல்லை எந்திரத்தில் வைத்து அழுத்தினார். அளவு முள் பாதிகூட ஏறவில்லை. கல் முறுக்குப்போல் நொறுங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"மெஷின் ரிப்பேருங்க சார்" என்றார் ஏசுராஜ். "எங்க, இத வெச்சுப் பாருங்க."

காட்சிக் கல்லை வைத்தார்கள். முள் ஏறியது. முத்திரைக்கு வேண்டிய அளவைத் தாண்டியும் ஏறியது. வெகுநேரம் கழித்துத்தான் கல் டமாரென்று பிளந்தது.

"இது அருமையான கல்லுங்க ஐயா" என்றார் பிரபாகர். "புதுசுக்குத் தண்ணியே காட்டலீங்க. உள்ள வெளுத்துக் கெடக்குது பாருங்க."

"எங்க மலையில பனி நொம்ப இருக்குதுங்களே…"

"பனி மேலாக்கத்தானுங்க நனைக்கும். அந்தப் பழைய கல்லுக்கு யாருங்க தண்ணி ஊத்துனது?"

எதற்கும் 'நானுங்க' என்று முந்திக்கொள்பவர், பிளந்த கல்லைத் தடவிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிங்க."

"அவங்களையே ஊத்தச் சொல்லுங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி கொண்டாங்க, கண்டிப்பாத் தேறிடும்."

ஏசுராஜ் குனிந்தார். பிளந்த துண்டுகளைப் பொறுக்கித் தோள்துண்டில் முடிந்துகொண்டார்.

மாதப்பனால் ஒரு மாதம் காத்திருக்க முடியவில்லை. கீழேயிருந்து முத்திரைக் கல் லாரி லாரியாய்த் தலைச்சோலைக்கு ஏறியது.

முதல் லாரி ஏறிய மறுநாள் விடியலில் ஏசுராஜ் குடத்தோடு வெளியே வந்தார். பக்கத்து வீட்டு மரியா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா மரியா, தேவகுமாரி எங்கம்மா தண்ணி எடுப்பா?"

மரியாவின் கை நின்றது. "இத்தன வருஷமாத் தெரியாதுங்களாண்ணா? காப்பித் தோட்டத்துக்குக் கீழ ஊத்துலதானுங்க. எறங்கறது ஒண்ணுமில்லீங்க. நெறகொடத்தோட ஏறி வரோணும்."

தடம் செங்குத்தாய் இறங்கியது. வழுக்கும் இடங்களிலெல்லாம், அவர் கழித்துப் போட்ட உடைசல் கற்களைத் தேவகுமாரி படியாய்ப் பதித்து வைத்திருந்தாள். குடத்தை நிறைத்துக்கொண்டு ஏறும்போது அவருக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. உட்கார இடம் தேடினார். அங்கேயும் ஒரு கல் போட்டு வைத்திருந்தாள்.