சம்மனசு துள்ளிய ஞாயிறுகள்

லாடம் கட்டுகிறவனைக் கண்டு சந்தோஷப்பட்ட மாடு இதுவரை பிறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் பட்டறை. கோலாலம்பூர் சாலைகளுக்குத் தார் போட ஆரம்பித்த பிறகு லாடம் சீக்கிரம் தேய்ந்தது, எனக்கு வேலை கூடியது. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு குளம்புக்கு இரண்டு தகடு வைத்து ஆணி அறைய வேண்டும். படுக்கிறவரை மாடு சும்மா இருக்காது. என் இடது முழங்கால், இரண்டு விலா எலும்பு, முன்பல் ஒன்று, எல்லாம் இந்தத் தொழிலுக்குக் கொடுத்தது. மாட்டை நம்பிப் பிழைக்கிற வண்டிக்காரர்களே, பால்காரர்களே, உதை வாங்கிய என் சொந்தங்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். நீங்களும் முதலில் சிரிப்பீர்கள்.

சாது மாடு

மரியதாஸ் செங்கல் வண்டி ஓட்டுகிறவன். வேதக்காரப் பிள்ளை, குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. ஒரு நாள் புது மாடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். வெள்ளை வெளேரென்று, கொம்பு இரண்டும் உள்வாங்கி, கண்ணில் மை தீட்டியதுபோல இருந்தது. பேர் என்னவென்று கேட்டேன். சம்மனசு என்றான். வானத்துத் தேவதூதன் பேரை மாட்டுக்கு வைத்திருக்கிறானே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு கயிற்றைப் போட்டேன்.

கயிறு இறுகியதுதான் தாமதம். தலை தரைக்குப் போனது, முதுகு வில்லாக வளைந்தது, பின்னங்கால் இரண்டும் என் தலைக்கு மேலே போயின. தலைக்கயிறு பிடிக்கும் என் மைத்துனன் பொன்னன் தவிட்டு மூட்டை மேல் போய் விழுந்தான். நான் வேலியோரம் கிடந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை, படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ மாடு உதைத்திருக்கிறது, முட்டியிருக்கிறது. இப்படி ஒரு மாடு காற்றில் நின்று நான் பார்த்ததில்லை. மரியதாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டுச் சொன்னான்:

"வீட்டுல ரொம்ப சாதுண்ணே. எம்பொண்ணு அது முதுகுல உக்காந்துதான் ஜெபமாலை சொல்லும்."

கயிறு போகிற இடம்

இரண்டாவது தடவை வந்தபோது எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சில மாட்டுக்குப் பின்தொடைக்கு முன்னால், அடிவயிற்றைச் சுற்றிக் கயிறு இறுகினால் ஆகாது. கூச்சமோ பயமோ, துள்ளித் தீர்த்துவிடும். கயிற்றை ஒரு சாண் முன்னால் தள்ளிப் போட்டால் போதும், பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொள்ளும். இது லாடக்காரன் முதல் வருஷத்தில் படிக்கிற பாடம்.

நான் தள்ளிப் போடவில்லை. மூன்றாவது தடவையும் தள்ளிப் போடவில்லை. அந்தத் துள்ளலைப் பார்க்காமல் லாடம் கட்டினால் கையில் வேலை ஓடவில்லை. அது முதலில் இரண்டு தடவை நேராக எம்பும், அப்புறம் இடது பக்கம் ஒரு சுற்று, சுற்றின் நடுவில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டும். அந்த வெட்டில்தான் ஆள் பறப்பான். என் பிள்ளைகளில் யாருக்கு எப்போது பல் முளைத்தது என்று கேட்டால் தெரியாது. சம்மனசு எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பொன்னன் மூன்று தடவை தவிட்டு மூட்டை மேல் விழுந்த பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"மச்சான், கயிறு எங்க போடணும்னு உங்களுக்குத் தெரியாதா, இல்ல நான் சாகணும்னு அக்கா சொல்லிவிட்டுச்சா?"

பூசை நேரம்

லாடம் தேய ஒரு மாதமாவது ஆகும். ஒரு மாதம் என்னால் பொறுக்க முடியவில்லை. குளம்பில் வெடிப்பு இருக்கிறது, ஞாயிறுதோறும் காலையில் கொண்டுவந்து விட்டால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிச் சரி பண்ணுகிறேன் என்று மரியதாஸிடம் சொன்னேன். வெடிப்பும் இல்லை, வெண்டைக்காயும் இல்லை. அவன் நம்பினான். மாட்டை என்னிடம் விட்டுவிட்டுப் பெண்டாட்டி பிள்ளையோடு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவான். அங்கே பூசை, இங்கே என் பூசை. வேலியைச் சுற்றி வண்டிக்காரர்கள், கள்ளுக்கடை திறக்கக் காத்திருப்பவர்கள், ரயில் குவார்ட்டர்ஸ் ஆட்கள் என்று ஒரு கூட்டம். துணிந்தவன் முதுகில் ஏறுவான், நான் கயிற்றை இறுக்குவேன், கூட்டம் எண்ணும். ஆறுக்கு மேல் எண்ண வாய்த்ததில்லை. வேடிக்கை நின்றுபோகும் என்று மரியதாஸிடம் ஒருத்தனும் மூச்சுவிடவில்லை.

பூசை முடிகிற மணி அடித்ததும் கயிற்றை அவிழ்த்து, மாட்டைத் தேய்த்து, குளம்பில் நாலு சொட்டு எண்ணெயைத் தடவி நிறுத்திவிடுவேன். ஒரு ஞாயிறு மரியதாஸின் மனைவி ஆரோக்கியம் வாழையிலையில் கொழுக்கட்டை கட்டிக்கொண்டு வந்தாள். கூலி வேண்டாம் என்று நான் பெரிய மனுஷனாக மறுத்திருந்தேனே, அதற்குப் பதில். வாங்கித் தின்றேன். தின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள்:

"இன்னிக்கு உங்களுக்காகவும் ஒரு ஜெபம் சொன்னோம்ணே. எங்க மாட்டுக்கு எவ்வளவு பாடுபடுறீங்க."

செந்தூல் பிட்டர்

செந்தூலிலிருந்து ஒரு பிட்டர் வந்தான். ரயில் பட்டறை வேலை; கை இரண்டும் உலக்கை. ஊரில் மஞ்சுவிரட்டில் மாடு பிடித்தவனாம். வந்ததும் வராததுமாக, இதென்ன வண்டி மாடுதானே என்று ஒரு சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் கயிற்றை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாக இறுக்கினேன். மூன்றுகூட எண்ணவில்லை. பிட்டர் வேலியைத் தாண்டிச் சேற்றில் கிடந்தான். நான் கைதட்டிக் குதித்தேன், ஐம்பதை நெருங்கும் கிழவன். சம்மனசு மட்டும் கயிறு அவிழ்கிறவரை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது, வாயில் நுரை. அன்றைக்கு அந்த நுரையைக்கூட அழகு என்றுதான் நினைத்தேன். பிட்டர் சேற்றில் உட்கார்ந்தபடி சொன்னான்:

"இன்ஜின்கூடக் கிளம்புறதுக்கு முன்னால விசில் அடிக்கும்லா. உன் மாட்டுக்கு அந்த மரியாதைகூட இல்ல."

நிற்கிற மாடு

கிள்ளானிலிருந்து வருகிற ஒரு பெரியவர். எட்டு வருஷமாக என்னிடம்தான் லாடம் கட்டுவார். அவர் மாடு கயிறு போடும் முன்பே காலை மடக்கிப் படுத்துக்கொள்ளும் ஜாதி. முன்பெல்லாம் அந்த மாட்டைக் கண்டால் தெய்வம் என்பேன். இப்போது எரிச்சலாக வந்தது. மாடா இது, மரப்பெட்டி என்று முணுமுணுத்துக்கொண்டே அறைந்ததில் ஒரு ஆணி உயிர்த்தசையில் இறங்கிவிட்டது. அப்போதும் அது திமிறவில்லை, உடம்பு மட்டும் நடுங்கியது. ஆணியைப் பிடுங்கி மஞ்சள் வைத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அடங்காத மாடாக இருந்தால்தானே கவனமாக அடிக்க முடியும் என்று உளறினேன். பெரியவர் மாட்டை நொண்ட நொண்டக் கூட்டிக்கொண்டு போகும்போது கேட்டார்:

"சும்மா நிக்கிறதும் குத்தமா, தம்பி?"

சுழி

அப்புறம் ஒரு நாள் மரியதாஸ் முகம் செத்துப்போய் வந்தான். மகள் மாட்டு முதுகில் உட்கார்ந்திருந்தாளாம். குதிகால் அடிவயிற்றில் பட்டிருக்கிறது. மாடு தூக்கி எறிந்துவிட்டது. பிள்ளைக்கு மணிக்கட்டு பிசகி, கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு நாளும் இப்படிச் செய்யாத மாடு, ஏன் என்று தெரியவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றான்.

எனக்குத் தெரியும். அடிவயிற்றைச் சுற்றி மயிர் உதிர்ந்து, தோல் கன்றிப் போயிருந்தது. தொட்டால் துடித்தது. கயிற்றை நிறுத்தி ஒரு மாதம் விட்டால் ஆறிவிடும். இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் கயிறு ஏது என்று கேட்பான். அதோடு, இன்னொரு ஆசையும் அந்த நிமிஷம் தலையெடுத்தது. இவன் பயந்து விற்றால் நானே வாங்கிக்கொள்ளலாம். கொட்டகைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். பொய் எண்ணெய் காய்ச்ச வேண்டாம், பூசை மணிக்குப் பயப்பட வேண்டாம்.

வண்டிக்காரர்கள் நடுவே ஒரு வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாட்டு உடம்பில் இருக்கிற மயிர்ச்சுழி நல்லதா கெட்டதா என்பதற்கு லாடக்காரன் சொல்தான் கடைசிச் சொல். சாய்த்துப்போட்டு உடம்பு முழுக்கப் பார்க்கிறவன் அவன்தானே. நான் சம்மனசைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். முதுகில் ஒரு நல்ல சுழியைத் தொட்டுக் காட்டி, பாடைச்சுழி என்றேன். வைத்திருக்கிற வீட்டில் பாடை கட்ட வைக்கும், கைமாற்றிவிடு என்றேன். நானே வாங்கிக்கொள்கிறேன் என்று உடனே சொன்னால் சந்தேகப்படுவான், ஒரு வாரம் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவன் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"இதெல்லாம் நான் நம்பக் கூடாதுண்ணே, சாமியார் திட்டுவாரு. ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

புதன்கிழமை

புதன்கிழமை மரியதாஸ் ஒரு காரி மாட்டோடு வந்தான், புதுசு, லாடம் கட்ட. சம்மனசு எங்கே என்றேன், கேட்டும் கேட்காததுபோல. திங்கட்கிழமை அறுப்புக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். இரண்டு வண்டிக்காரர்கள் நல்ல விலைக்குக் கேட்டார்களாம். இவனே சுழியைச் சொல்லி வேண்டாம் என்று அனுப்பிவிட்டானாம். யார் வீட்டுக்கும் போகாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை என்றான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாங்கியிருப்பேனே என்று கத்தினேன். அவன் சிரித்தான், சத்தியமாகச் சிரித்தான்.

"வாங்குவீங்கன்னு தெரியும்ணே, அதனாலதான் சொல்லல. பாடைச்சுழி மாட்டைத் தெரிஞ்சே உங்க தலையில கட்டுறவனா நானு?"

அறுப்புக்கொட்டகை

காரி மாட்டைக் காலைக் கட்டிப் போட்டபடியே விட்டுவிட்டு ஓடினேன். பொன்னன் பின்னால் கூப்பிட்டது காதில் விழவில்லை. திங்கட்கிழமை போன மாட்டைத் தேடிப் புதன்கிழமை ஓடுகிறவனுக்கு என்ன புத்தி இருக்கும், சொல்லுங்கள். ஆனாலும் ஓடினேன். மலாய்க் கம்பத்துக் குறுக்கு வழியில் விழுந்து எழுந்து ஓடினேன்.

கொட்டகை ஆள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான். வெள்ளை மாடு, உள்வாங்கின கொம்பு என்று அடையாளம் சொன்னேன். ஞாபகம் இருக்கிறது, முடிந்துவிட்டது என்றான். என்ன கேட்பதென்று தெரியாமல், ரொம்பத் துள்ளியிருக்குமே என்றேன். அப்படி நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"துள்ளலயே. கழுத்துல கயிறு போட்டேன், சொன்ன இடத்துல வந்து நின்னுச்சு."

நல்ல மாடு

அதன்பிறகு மரியதாஸ் நாலைந்து தடவை லாடம் கட்ட வந்துபோனான். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், ஆணியை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வேன். ஒரு நாள் மகளையும் வண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். கை சரியாகிவிட்டிருந்தது. காரி மாடு கிட்டே வந்ததும் பிள்ளை ஒதுங்கிப் போய்த் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. மாட்டு முதுகில் உட்கார்ந்து ஜெபம் சொன்ன பிள்ளை.

பொன்னனைப் பிள்ளையோடு கடைக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, எண்ணெய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், சுழி, நானே வாங்கிக்கொள்ளலாம் என்ற ஆசை, ஒன்று விடாமல். சுத்தியலை அவன் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் மாட்டின் தலைக்கயிற்றைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான். என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்:

"அப்ப அது நல்ல மாடாண்ணே?"

இந்தத் தொழிலில் நான் சாய்த்த மாடுகளுக்குக் கணக்கில்லை, சாய்ந்து எழுந்திருக்காதது சம்மனசு ஒன்றுதான்.