உப்பை மூடிய கச்சேரி போஸ்டர்

மரக்காணம் உப்பளத்தில் பார்த்த அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. பேச்சுக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அன்று கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

உப்புக் குவியலை மூட, பழைய ஃப்ளெக்ஸ் போஸ்டர்களை விரித்துக்கொண்டிருந்தார். பைக்கில் போன நான் ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் திருவிழாக் கச்சேரி போஸ்டர். கீபோர்டோடு நான், என் தோளில் கை போட்டபடி எங்கள் பாடகன். சண்டை போட்டுப் பிரிந்தோம். பேசாமலேயே செத்துப்போனான். அவன் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

"அம்மா, இந்த போஸ்டர் எனக்கு வேணுங்க."

"இத எடுத்தா உப்பு கரைஞ்சிடும்பா." படத்தையும் என்னையும் பார்த்தார். "நீதானா இது? மழை விடட்டும், நாளைக்கு வா."

மழை கொட்டித் தீர்த்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் ஓடினேன்.

என் உருவத்தை மட்டும் வெட்டி, துடைத்து, சுருளாமல் இருக்க மூலைகளில் கல் வைத்திருந்தார்.

"மீதி எங்கம்மா?"

"ராத்திரி வரப்பு உடைச்சிக்கிச்சு, அடைக்க வேற எதுவும் கெடைக்கல. உன்ன வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த உடைப்புல போட்டு மண்ணு தள்ளிட்டோம். அந்த ஆளு கையையும் வெட்டியிருப்பேன், உன் தோளு போயிடும்னு விட்டுட்டேன்."

யாருக்காகக் கேட்டேன் என்று நான்தான் சொல்லவில்லை. கொட்டுகிற மழையில், உடைகிற வரப்பை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருவனின் முகத்தை எதற்காகக் காப்பாற்றினார் என்று இன்றும் புரியவில்லை. வீட்டுச் சுவரில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தோளில் நான்கு விரல்கள்.