டிரைவர் சுட்ட மஃபின்

அவர் முப்பது வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவர். அநாவசியமாக ஹாரன் அடிக்க மாட்டார் என்பதால் டிப்போவில் அவருக்கு ‘ஊமை’ என்று பட்டப்பெயர். வீட்டிலும் பேச்சு குறைவுதான். அவர் பங்கையும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை அவளுக்கு. தையல் மெஷின் நின்றாலும் வாய் நிற்காது.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனையும் ருசியும் அடியோடு போய்விட்டன. “எதை வாயில போட்டாலும் காகிதத்தை மெல்ற மாதிரி இருக்குங்க” என்றாள். மூன்று மாதத்தில் தன் துணிகளையே இரண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டாள். “போகப் போகச் சரியாகும்” என்றார் டாக்டர். சாப்பாட்டோடு பேச்சும் குறைந்தது. அதுதான் அவரை உலுக்கியது.

ஒருநாள் அவள் பூசணி விதைகளை ஒவ்வொன்றாகக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

“அது மட்டும் ருசிக்குதா?”

“இல்லங்க. நறுக்குன்னு உடையுதே, அது தெரியுது.”

வார விடுமுறையன்று கொழுந்தியாளுக்குப் போன் போட்டார். “விதையெல்லாம் போட்டு மஃபின் சுடுவியே, அது எப்படி?”

“மாமா, நீங்களா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?” சிரித்து முடித்துவிட்டு, அவள் நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் தடவை மாவைப் போட்டு அடி அடியென்று அடித்துவிட்டார். ஓட்ஸை ஊறவைக்கவும் மறந்துபோனார். மனைவி ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தாள். “உங்க பஸ் சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கலாம்ங்க.” மூன்று மாதத்தில் அவள் செய்த முதல் கிண்டல். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் ஓட்ஸைப் பாலில் ஊறப்போட்டார். விதைகளை வறுத்தார். உலர்திராட்சையோடு காய்ந்த ஆப்ரிகாட்டையும் நறுக்கிச் சேர்த்தார். மாவு கலந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஓவன் கண்ணாடி முன்னால் சிக்னலுக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்.

அவள் சூடாகவே பிட்டு வாயில் போட்டாள். “மேல மொறுமொறுன்னு, உள்ள மெத்துன்னு... நடுவுல என்னமோ ஜவ்வு மாதிரி இழுக்குதே?”

“ஆப்ரிகாட்.”

“புளிக்குதா?”

அவர் ஒரு துண்டு கடித்து, கண்ணை மூடி யோசித்தார். “முதல்ல இனிப்பு. அப்புறம் தாடை கூசற மாதிரி லேசா ஒரு புளிப்பு.”

அவள் இன்னொன்றை எடுத்தாள். “ம்... இதையும் சொல்லுங்க.”

அதன்பின் ஒவ்வொரு விடுமுறைக்கும் அவர் சுட்டார், அவள் மென்றாள், அவர் ருசியைச் சொன்னார். ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று. ஒரு காலை, அவர் வாய் திறக்குமுன் அவள் முகத்தைச் சுளித்தாள்.

“என்னங்க, இன்னிக்கு உப்பு தூக்கலா இருக்கு!”

அவர் மாவுக்கையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வாசனை மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மஃபின் வெந்த மணம் வந்துவிட்டதா என்று இன்றைக்கும் அவர்தான் முகர்ந்து சொல்கிறார்.