தூக்க முடியாத வருடம்

முதலில் கால் பிசகியது ஒரு குறுவை அறுப்பின்போது. வீட்டு வாசலில் தார் ரோட்டின் மேல் நெல் காயப் போட்டிருந்தோம். ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்தவள், ஒரு லாரிக்கு வழிவிட ஒதுங்கினேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வலது பாதம் உட்புறமாக மடங்கியது. சடக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது.

அப்போது நன்னிலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். சுளுக்கு என்று வருகிறவர்களுக்குக் களிம்பும் கிரேப் பேண்டேஜும் எடுத்துக் கொடுத்து, "நடக்காதீங்க, காலை உயரத்துல வச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்புவேன். ஊருக்குத்தான் உபதேசம். நான் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு மறுநாளே நெல் கிளறப் போய்விட்டேன். காலைத் தூக்கியா வைக்கப்போகிறோம், இழுத்துக்கொண்டு நடப்பதுதானே என்று ஒரு நினைப்பு. இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவினால் சுளுக்கு போய்விடும் என்பார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார், அவரும் எண்ணெய் போட்டு நீவினார். வீக்கம் வடிந்தது, வலி போனது. சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருப்பீர்கள்.

பிறகு கால் சொல்லாமல் கொள்ளாமல் மடங்க ஆரம்பித்தது. பஸ் படியில், கடை வாசலில், கொல்லையில். மேடு பள்ளத்தில் மடங்கினால் பள்ளத்தைத் திட்டலாம். சமையலறையின் சிமெண்டுத் தரையில் மடங்கினால் யாரைத் திட்டுவது?

"கீழ பாத்து நடக்கக் கூடாதா?" என்பார் என் கணவர்.

கீழே மட்டும்தான் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். ஊரில் எந்த வீட்டு வாசலில் எந்தச் செங்கல் பெயர்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லியிருப்பேன். எதிரில் வந்தவர் யாரென்று கேட்டால் தெரியாது. மருத்துவரிடம் போகவேண்டும் என்று தோன்றவேயில்லை. மடங்குகிறது, இரண்டு நாள் வலிக்கிறது, போய்விடுகிறது. இதற்குப் போய் யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

யாழினி பிறந்தாள். அவள் தவழ்ந்துகொண்டிருந்த சமயம், பக்கத்து வயலில் அறுப்பு முடிந்து வாத்து மேய்க்க வந்திருந்தார்கள். வயல் முழுக்க வாத்து. மகளுக்குக் காட்டலாம் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். அவள் கையை நீட்டிச் சிரித்தாள். நான் முதல்முறையாகக் கீழே பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். கால் மடங்கியது. நான் வரப்பில் விழுந்தேன், அவள் என் கையிலிருந்து நழுவி வயலில் விழுந்தாள். அறுத்த நெல்லின் தாள் ஊசி ஊசியாக நின்றது. ஒன்று அவள் புருவத்துக்குக் கீழே கிழித்துவிட்டது.

தையல் போட்ட மருத்துவர், "நல்லவேளை, கண்ணுல படலம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணில் பட்டிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இன்றுவரை இல்லை.

வீட்டில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். என் கணவரின் அண்ணன் மனைவியும் நாங்களும் ஒரே வீடு. அவரை அக்கா என்று கூப்பிடுவேன். தங்கமானவர். அன்று சாயங்காலம் பிள்ளையை வாங்க நான் கை நீட்டினேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: "நீ உக்காந்துக்க, தர்றேன்."

உட்கார்ந்தேன். மடியில் விட்டார். அன்றிலிருந்து அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. நான் உட்கார்ந்தால் பிள்ளை என் மடிக்கு வரும். நான் எழுந்தால் யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். அவள் அழுதால் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவதற்குள் அக்கா தூக்கிவிடுவார். அவர் மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவர் செய்ததில் தவறும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே அடுப்பில் சமைத்தோம்.

அதன்பிறகுதான் காலைக் காட்டப் போனேன். தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர் என் குதிகாலைப் பிடித்து முன்னே இழுத்துப் பார்த்தார். பாதம் இழுத்த இழுப்புக்கு வந்தது. லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கும் நார்) முதல் சுளுக்கிலேயே கிழிந்து, ஒழுங்காக ஆறாமல் தளர்ந்துவிட்டதாம். இதற்கு நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை (கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகும் நிலை) என்று பெயர்.

"பாவாடையில போட்ட எலாஸ்டிக் நைஞ்சு போனா எப்படியிருக்கும், அந்த மாதிரிதான்" என்றார். "மொதல்ல பயிற்சி செய்வோம். அதுல சரியா வரலேன்னா ஆபரேஷனப் பத்திப் பேசலாம். அவசரமில்ல, நெறைய டைம் இருக்கு."

அவர் காலுக்குச் சொன்னார். என் மகளுக்கு அவ்வளவு நேரம் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன்.

பயிற்சியோடு கணுக்காலில் டேப்பும் ஒட்டச் சொன்னார்கள். அதைக் கற்றுக்கொடுத்தவர் அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட், என்னைவிடச் சின்னப் பெண். அந்த டேப் துணி போலிருக்கும், இழுத்தால் நீளும். கணுக்காலின் உட்பக்கம் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்ட வேண்டும். இரண்டு முனைகளை மட்டும் இழுக்காமல் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் தோல் கொப்பளிக்கும். ஒட்டியபின் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கினால் பிடித்துக்கொள்ளும். பிய்த்து எடுக்காதீர்கள், எண்ணெய் தடவி ஊறவிட்டு மெல்ல உரியுங்கள். நான் பிய்த்தேன், தோலோடு வந்தது.

"இது உங்க காலைத் தாங்கிப் பிடிக்காது மேடம்" என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லிவிட்டார். "தோலை லேசா இழுத்துக்கிட்டே இருக்கும். கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒங்களுக்கு ஞாபகப்படுத்தும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. பயிற்சிய விட்டுட்டு டேப்ப மட்டும் நம்பாதீங்க."

கண்ணால் பார்க்காமலே கால் இருக்கும் நிலையை உடம்பு அறிவதுதான் எனக்குக் கெட்டிருந்தது. அதற்காக ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி. ஒற்றைக்கால் கொக்கு என்று கணவர் கேலி செய்தார். கொக்கு கண்ணை மூடிக்கொண்டும் நிற்கும். நான் சுவரில் சாய்ந்து விழுந்தேன். கொல்லையில் தண்ணீர் பட்டு டேப்பின் ஓரம் உரியும், வியர்வையில் அரிக்கும். ஒட்டியிருக்கும் நாட்களில் காலுக்குக் கொஞ்சம் தைரியம் வரும். அதை நம்பி ரேஷன் கடை வரை போவேன், படியிறங்கும்போது மறுபடியும் மடங்கும். அன்றெல்லாம் செத்துப்போய்விடலாம் போலிருக்கும். ஒரு கணுக்காலுக்காகவா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு கணுக்காலுக்காகத்தான்.

இதற்குள் யாழினி எழுந்து நின்றாள், நடந்தாள். அவள் முதலில் நடந்தது அக்காவை நோக்கி.

மாதங்கள் போயின. மடங்குவது குறைந்தது. டேப் போட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க முடிந்தது. கடைசியாகப் போனபோது மருத்துவர், "வீட்டுக்குள்ள, டேப் போட்டுக்கிட்டு, கொழந்தையக் கொஞ்ச தூரம் தூக்கலாம்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து புது டேப் ஒட்டிக்கொண்டேன். அக்காவே பிள்ளையை இறக்கிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். "போடி, ஒங்கம்மா தூக்கப் போறா பாரு."

காலை அகட்டி நின்று கை நீட்டினேன். ஓடி வந்தவள் அண்ணாந்து பார்த்தாள். என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ம்மா, உக்காரு."

"அம்மா தூக்குறேன்டி செல்லம்."

"உக்காரு."

குனிந்து தூக்கினேன். அவ்வளவு கனமாக இருப்பாள் என்று தெரியாது. மடியில் பிள்ளையின் கனம் தெரிவதில்லை. கால் மடங்கவில்லை. நின்றேன். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு, "உக்காரு, உக்காரு" என்று வீறிட்டாள். அக்கா ஓரடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

நல்ல காலோடு நான் தரையில் உட்கார்ந்தேன். உடனே அழுகையை நிறுத்தி, என் மடியில் தன் இடத்தைத் தேடி உட்கார்ந்துகொண்டாள்.