பதினேழுன்னு சொன்ன விசுவலிங்கம்

எங்க ரப்பர் தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதுற கிராணியோட தம்பி விசுவலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரங்க. சிங்கப்பூர் காலேஜுல கணக்குப் படிச்சிக்கிட்டிருந்தான். ஜப்பான்காரன் வந்ததும் காலேஜ மூடிட்டாங்க. லுக்குட் பக்கம் எங்க தோட்டத்துக்கு, அண்ணன்கிட்ட வந்துட்டான். ஈர்க்குச்சி ஒடம்பு. மரவள்ளி நடச் சொன்னா குச்சியத் தலைகீழா நடுவான்.

"அப்படி என்ன தம்பி கணக்கு, எங்கள வேல வாங்குற மண்டோருக்குத் தெரியாத கணக்கு?"ன்னு கேட்டேன்.

"தண்ணி எப்பிடி ஓடும், நோய் எப்பிடிப் பரவும், எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு அக்கா."

"அப்ப சோத்துக்கு ஒண்ணும் இல்ல."

சிரிச்சான்.

நாப்பத்தி மூணுல கால்வாய் தூந்துபோயி நாங்க குடியிருந்த லயமெல்லாம் கொசு. குளிர்காய்ச்சல் வந்துச்சு. இவன் வீடு வீடா வந்து, "இண்டைக்கு எத்தினை பேர் படுத்திருக்கினம்?"னு கேட்டான். ஆள எண்ணுனா ஆள் குறையும்னு பயப்படுற சனம் நாங்க. பொய் சொன்னோம். அவன் ஸ்டோரு சுவத்துல கரியால மலை மாதிரி ஒரு கோடு ஏத்தி எறக்குனான்.

"இந்த மாசம் பதினேழு பேர் சாவினம். கால்வாயைத் தோண்டினால் அடுத்த மாசம் குறையும்."

"நாங்க சொன்னதே பொய்யி தம்பி."

"தெரியும். மூண்டில ஒண்டை மறைக்கிறியள். அதையும் சேர்த்துத்தான் போட்டனான்."

"யாரு யாரு?"

"ஆர் எண்டு தெரியாது. எத்தினை எண்டுதான் தெரியும்."

கேட்டுச் சிரிச்ச மண்டோர் ராமசாமிதான் மொத ஆளு. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒண்ணு, சில நாள் ரெண்டு. கடைசி வாரத்துல மொத்தம் பதினாறு ஆயிருச்சு. ஒருத்தன் இருமுனா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கிற அத்தன பேரும் திரும்பிப் பாப்போம்.

அப்பத்தான் எம்புருசன் ஆறுமுகம் விழுந்தான். கண்ணு சொருகிப்போச்சு. காய்ச்சலுக்குக் குடுக்குற கொயினா மாத்திர தேடி கிராணி வீட்டுக்கு ஓடுனேன். அங்க விசுவலிங்கமும் காய்ச்சல்ல கெடந்தான். அண்ணன் எங்கியோ அலைஞ்சு வாங்குன நாலு கொயினா தலமாட்டுல இருந்துச்சு. கிராணி வீட்ல இல்ல.

"அதக் குடு தம்பி."

"உங்கட ஆளுக்கோ?"

"ஆமா."

ஒதடு வெடிச்சிருந்துச்சு. "குடுத்தால் தொகை மாறாது அக்கா. ஆள்தான் மாறும்."

"தெரிஞ்சுதான் கேக்குறேன்."

பொட்டலத்தத் தள்ளிவிட்டான். வாங்கிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழம மத்தியானம் விசுவலிங்கம் செத்துப்போனான். அதோட பதினேழு. மாசம் முடிய இன்னும் மூணு நாள் இருந்துச்சு. அந்த மூணு நாளும் ஒரு சாவு இல்ல. யாரும் சொல்லாமலே ஆம்பளைங்க மம்பட்டியத் தூக்கிக்கிட்டுக் கால்வாய்க்குப் போனாங்க. மாத்திர என்னாச்சுன்னு கிராணி கேட்டாரு. அவனே சாப்பிட்டிருப்பான்னு சொன்னேன்.

பொணத்தத் தூக்கறப்ப எனக்கு அழுக வரல. இனிமே சாவு நம்ம வீட்டுக்கு வராதுன்னு மூச்சுதான் வந்துச்சு. வீட்டுக்குப் போனா எம்புருசன் எந்திரிச்சு ஒக்காந்து கஞ்சி கேட்டான். ஊத்துனேன். இன்னும் கேட்டான். அதையும் ஊத்துனேன்.