எட்டு சிலிண்டரும் எதிர்க்காற்றும்

அந்த வண்டியில் முதன்முறை ஏறும்போது என் கணவர் கை கொடுத்துத்தான் தூக்கிவிட வேண்டியிருந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சின், இரண்டு பெட்ரோல் டாங்க், நீளமான பழைய பிக்கப். தொண்ணூறுகளின் நடுவில் அவர் எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். டெக்ஸஸின் மேற்குக் கோடியில், நிலத்துக்குள் அதிர்வு அனுப்பிப் பாறைகளைப் பதிவு செய்யும் குழுவோடு மூன்று மாதம் இருக்கச் சொன்னார்கள். அங்கே வாடகைக்கு வீடு கிடையாது. குழுவில் எல்லோரும் ட்ரெய்லரில்தான், வண்டியில் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டில்தான் குடியிருந்தார்கள். நாலரை வயது மகளை வைத்துக்கொண்டு, அப்போது நாங்கள் குடியிருந்த சுகர் லேண்டில் தனியாக இருக்க மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்படித்தான் ஒரு பழைய ட்ரெய்லரும், அதை இழுக்க இந்த வண்டியும் எங்களிடம் வந்து சேர்ந்தன.

கீழக்கரையிலிருந்து என் தம்பி போனில் கேட்ட முதல் கேள்வி, "என்ன மைலேஜ் குடுக்குது மச்சான்?"

"சும்மா ஓட்டுனா பன்னெண்டு. ட்ரெய்லரை மாட்டுனா எட்டு. கேலனுக்கு" என்றார் கணவர்.

தம்பி மனக்கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான்: "அப்ப லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் சொச்சம். நம்மூரு லாரியே அதவிடக் கூடக் குடுக்கும்."

நாங்கள் சிரித்தோம். எனக்கு லைசென்ஸ் கிடைத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மளிகைக் கடைக்கும் மகளின் டேகேருக்கும் சின்னக் காரை ஓட்டுவேன். ஃப்ரீவேயில் ஏறினாலே உள்ளங்கை வேர்க்கும். இந்த வண்டியைத் தொடுவதாக எனக்கு எண்ணமே இல்லை.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். வழியில் ஓரிரவு தங்கி, ஞாயிறு காலை இரண்டு டாங்கையும் நிரப்பிக்கொண்டோம். அடுத்த பெரிய ஊர் ஃபோர்ட் ஸ்டாக்டன், இருநூறு மைல். கேலனுக்கு எட்டு மைல் என்றால் தாராளமாகப் போதும். அதனால் இடையில் வந்த ஊர்களில் அவர் நிறுத்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார்.

பதினொரு மணிவாக்கில் காற்று எழுந்தது. எங்கள் கடற்கரையில் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்போம். அது மணலை வாரி முகத்தில் அடிக்கும் நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். இங்கே அதே காற்றுக்கு நேரெதிரே, சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். எஞ்சின் முனகியது. முன் டாங்க் அவர் நினைத்ததைவிட வெகு சீக்கிரம் காலியானது. டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்திப் பின் டாங்குக்கு மாற்றினார். "என்னமோ குடிக்கிது புள்ள" என்றார். குரலில் ஒரு மாற்றம் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வேர்வை.

இடுப்புக்குப் பக்கத்தில் கையை அழுத்திக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினார். கதவைத் திறந்து இறங்கியவர் அப்படியே குத்துக்காலிட்டு வாந்தி எடுத்தார். மூன்று வருடம் முன்னால் அவருக்குச் சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. அதே வலிதான் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

சாலையோரம் நின்று கையாட்டினேன். முதல் கார் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. மூன்றாவதாக வந்த ஒரு பிக்கப் வேகம் குறைத்தது. உள்ளே இரண்டு ஆண்கள் என்னையே பார்த்தார்கள். என் முக்காடு காற்றில் படபடத்தது. ஏனோ பயம் வந்து ஆட்டிய கையைக் கீழே இறக்கிவிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள். நல்லவர்களாகக்கூட இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

"நீ ஓட்டு" என்றார் அவர்.

"எனக்குத் தெரியாது மச்சான்."

"கார் மாதிரிதான். மெதுவாத் திருப்பு. ட்ரெய்லர் வால ஆட்டுனா கால் பிரேக்க மிதிக்காத. இந்த லீவர மட்டும் தள்ளு. அது ட்ரெய்லர் பிரேக்கு. அது பின்னால இழுத்து நேராக்கிரும்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை பல்லைக் கடித்துக்கொண்டார்.

மகள் நடுவில் உட்கார்ந்தாள். அவர் கதவோரம் சுருண்டுகொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சீட்டை முன்னால் இழுத்தும் கால் எட்டவில்லை. நுனியில் உட்கார்ந்து ஓட்டினேன்.

முதல் லாரி எங்களைக் கடந்தபோதே அது நடந்தது. பின்னாலிருந்து யாரோ எங்களை ஒரு பக்கமாகத் தள்ளுவது போலிருந்தது, பிறகு மறுபக்கம். கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லர் எங்களை முந்த வருவதுபோல எட்டிப் பார்த்தது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. "லீவரு, லீவரு" என்று அவர் கத்தினார். தள்ளினேன். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல வண்டி அதிர்ந்து நேரானது. ஆபத்தில் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தேன். பாதியில் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆனால் உண்மையான பயம் பெட்ரோல் முள்ளில் இருந்தது. ஏற்றத்தில் மிதிக்கும்போது அது இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சமாகும், அவர் வலியில் கிடக்கும் நேரம் கூடும். வேகமாகப் போனால் நடுவழியில் நின்றுவிடும். நாற்பத்தைந்தில் போவேன். அவர் முனகியதும் அறுபதுக்கு மிதிப்பேன். முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காலை எடுப்பேன். இப்படியே இருபது மைல் போனோம்.

ஒரு பெட்ரோல் பங்க்கின் பலகை தெரிந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திருப்பி உள்ளே போனால் பங்க் மூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் எந்த வீடும் இல்லை. சுவரில் இருந்த போனைக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"போர்டுல ஐம்பது மைலுன்னு போட்ருந்துச்சு."

எழுந்து முள்ளைப் பார்த்தார். "ட்ரெய்லரோட போனா முப்பதுகூடத் தாண்டாது" என்றார்.

"அப்ப இத இங்கயே விட்டுட்டுப் போவோம்" என்றேன். அதைச் சொன்னது நானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. எங்கள் துணி, பாத்திரம், பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள் இருந்தன. பாஸ்போர்ட்டை மட்டும் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

கழற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவரால் நிற்க முடியவில்லை. ட்ரெய்லருக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் விழுந்திருந்தது. அங்கே படுத்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். வண்டியை எடுக்கும்போது மகள் குறுக்கே ஓடிவிடக் கூடாது என்று அவளையும் அவரோடு உட்கார வைத்தேன்.

"சக்கரத்துக்குக் கட்டய வையி. அப்புறம் ஜாக்கி. ஜாக்கிய ஏத்தாம சங்கிலியத் தொடாத."

கட்டையை வைத்தேன். காற்றின் இரைச்சலில் அடுத்து அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. வண்டிக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இரண்டு எஃகுக் கம்பிகளைச் சங்கிலியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள்; ஜாக்கியை ஏற்றினால்தான் அவற்றின் இறுக்கம் குறையும். அந்த அவசரத்தில் ஜாக்கியை மறந்து, சங்கிலியைக் கழற்றுவதற்கான இரும்புக் குழாயைச் செருகி முதல் சங்கிலியைத் தளர்த்தினேன். குழாய் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு காதோரம் பறந்துபோய்ச் சரளைக்கல்லில் விழுந்தது. ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் தாடை போயிருக்கும். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "உம்மா, இஸ் வாப்பா கோயிங் டு டை?"

"இல்லம்மா. வயித்து வலிதான். நீ அங்கயே இரு" என்றேன்.

பிறகு ட்ரெய்லரின் முன்முனையில் இருந்த ஜாக்கியைச் சுற்றினேன். இருநூறு சுற்றாவது இருக்கும். மீதிச் சங்கிலியையும் வயரையும் கழற்றினேன். பிக்கப்பை மூச்சு விடாமல் முன்னால் நகர்த்தினேன். கொக்கி விட்டது. ட்ரெய்லர் ஒருமுறை கிரீச்சென்றது, பிறகு அசையவில்லை. இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் கிளம்பினேன்.

இழுவை இல்லாத அந்த வண்டி வேறு வண்டியாக இருந்தது. காலை வைத்தாலே பாய்ந்தது. ஆனால் முள் காலிக் கோட்டைத் தொட்டபோது இன்னும் இருபது மைல் இருந்தது. ஏ.சி.யை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று, ஏற்றியபடியே அனலில் ஓட்டினேன். கடைசிப் பத்து மைல் அவர் பேசவே இல்லை. "மச்சான்", "மச்சான்" என்று நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டேன். அவர் ஒரு விரலை உயர்த்துவார். அதுதான் பதில்.

ஃபோர்ட் ஸ்டாக்டன் மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தினேன். உடனே ஊசி போட்டார்கள். கல் மூன்றாம் நாள் தானாகவே இறங்கியது.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே குழுவின் மேற்பார்வையாளர் ஒரு டீசல் டிரக்கோடு வந்தார். உயரமான, அதிகம் பேசாத டெக்ஸஸ்காரர். ட்ரெய்லர் இருக்கும் இடத்தைக் காட்ட நானும் போனேன். அது விட்ட இடத்திலேயே நின்றது. பூட்டுகூட உடையவில்லை. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் மட்டும் சக்கரத்தருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கட்டைகளை வைத்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்."

நிலம் பின்பக்கமாகச் சரிந்திருந்தது. நான் கட்டைகளைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்திருந்தேன். பின்னால் எதுவுமே இல்லை. ஜாக்கியின் கால் சரளையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் பின்னால் போய், மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு சிமெண்ட் விளிம்பில் முட்டி நின்றிருந்தது. அந்தத் தடத்தை அவர் பூட்ஸ் நுனியால் காட்டினார். என்னைத் திட்டவில்லை. "அதிர்ஷ்டம்" என்று மட்டும் சொன்னார்.

நான் ட்ரெய்லரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் என் கணவர் படுத்திருந்த இடத்தில் அவருடைய கைக்குட்டை கிடந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மகளை நான் உட்கார வைத்ததும் அங்கேதான். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

கணவரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அல்லாஹ் காப்பாத்துனான் புள்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் மேல தப்பில்ல. எந்தப் பக்கம்னு நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மூன்று மாதமும் தினமும் காலையில் எழுந்ததும் நான் வெளியே போய்ச் சக்கரங்களின் இருபுறமும் தொட்டுப் பார்ப்பேன். இத்தனைக்கும் ட்ரெய்லர் சமதரையில், நான்கு கட்டைகளோடுதான் நின்றது.

வேலை முடிந்து சுகர் லேண்ட் வந்ததும் வண்டி, ட்ரெய்லர் இரண்டையும் விற்றோம். அங்கிருந்து திரும்பி வரும் வழியில் முழுக்க அவரே ஓட்டியிருந்தார். அந்தப் பங்க்கைத் தாண்டும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டேன்.

மகளுக்கு அந்த நாளில் நினைவிருப்பது மருத்துவமனையில் இருந்த மீன் தொட்டி ஒன்றுதான். அதில் எத்தனை மீன் இருந்தது, எது என்ன நிறம் என்று கேட்டால் இப்போதும் சொல்வாள்.