சந்தனத் திட்டு

எங்கள் கல்லூரியில் வேணி என்றொரு விரிவுரையாளர் இருந்ததே இப்போது யாருக்கும் நினைவில்லை. துறைத்தலைவர் தாணுமாலையனைத்தான் எல்லாருக்கும் தெரியும். என்ன அநியாயம்!

சூடான சுவரை உரசிப் போகும் காற்று எப்படிக் கலைகிறது என்பதுதான் வேணியின் ஆராய்ச்சி. வழிகாட்டி தாணுமாலையன். டாக்டர் பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். பேட்டையிலுள்ள ஒரு பட்டறையில் காற்றுப் பெட்டி செய்து, மெல்லிய எஃகுத் தகட்டைச் சுவராகப் பொருத்தி, மின்சாரம் விட்டுச் சூடாக்கினாள். காற்று குளிர்வித்த இடமெல்லாம் வெப்பத்தைப் படமெடுக்கும் அகச்சிவப்புக் கேமராவில் கறுப்புக் கோடுகளாக நெளிந்தோடும்.

அந்தக் கேமரா 1996இல் பெங்களூரிலிருந்து ஒரு மாத இரவலாக வந்தது. அதைக் குளிரவைக்கும் திரவ நைட்ரஜன், மாட்டுக்குச் சினை ஊசி போடும் இடத்தில்தான் கிடைத்தது. அவளே போய் வாங்கி வருவாள். அதற்கு ஆசிரியர் அறையில் அசிங்கமான கேலி வேறு.

சோதனை ஓட்டமெல்லாம் முடிந்து, உண்மையான படங்கள் எடுக்க வேண்டிய வாரத்தில் ஆயுத பூசை வந்தது. வேணி ஊருக்குப் போயிருந்தாள். தாணுமாலையன் கேமராவின் லென்ஸிலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். மறுநாள் வேட்டி நுனியால் அழுத்தித் தேய்த்தார். மேல்பூச்சு உரிந்துபோயிற்று. அதன்பின் எடுத்த எல்லாப் படங்களிலும் நடுவில் ஒரு மங்கல் திட்டு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவரோ அந்தக் குரங்கையே பிள்ளையார் என்றார்.

"ஏம்மா, காத்துல நிலையான சுழலைப் புடிச்சிட்டோம்லா!"

"காத்து ஒரே இடத்துல நிக்காது சார். இது நீங்க வச்ச சந்தனம்."

சூட்டை அணைத்துக் காட்டினாள். திட்டு அப்படியே இருந்தது. கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பினாள். அங்கேயும் இருந்தது.

"கூரைய எவன் பாக்கப் போறான்? கட்டுரையில கையெழுத்துப் போடு, பட்டம் வரும். இல்லன்னா ஒன் இஷ்டம்."

அவர் நீட்டிய கட்டுரையில் வேணி தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். "சந்தனத்தைப் படம் புடிச்சு நான் டாக்டராக வேண்டாம் சார்."

அடித்த இடத்தில் அவர் தம் மருமகன் ஸ்ரீகுமாரின் பெயரை எழுதினார். காற்றுப் பெட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பயல். இப்போது அவன் டாக்டர் ஸ்ரீகுமார். வேணி வள்ளியூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கிறாள்.

போன வாரம் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் துறை வாசலில் மாட்டினார்கள். ‘தாமிரபரணிக் கரையில் கண்டறியப்பட்ட நிலையான சுழல்’ என்று கீழே எழுதியிருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வகுப்பெடுக்கப் போகிறேன். காறித் துப்பத் தோன்றுகிறது.